தண்ணீரை முதலில் எடுக்க வேண்டும்: திருகோணமலை வீடொன்றில் மிதமிஞ்சிக் காய்த்த சுக்கினி

திருகோணமலை நகரத்துக்குள், கோட்டைக்குப் போகும் வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது இந்த வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை, அவருடைய கணவர், மகள், ஆண்டு ஏழில் படிக்கும் பேரன் என்று நான்கு பேர். சென்ற மாரியில் அந்த வளவில் ஆறு சுக்கினிச் செடிகள் நின்றன. வெள்ளரிபோலத் தோன்றும், பூசணிக் குடும்பத்து மரக்கறி அது. தைக் கடைசியில் காய்க்கத் தொடங்கியவை பங்குனி வெயிலில் இலை கருகும்வரை ஓயவில்லை. காய் அழுகி வீசப்பட்டதும், ஆபத்தான முறையில் போத்தலில் அடைபட்டதும், பிறகு ஒழுங்காகச் சேமிக்கப்பட்டதும் ஒரே பருவத்துக்குள் நடந்தன. நான் பக்கத்து வளவுக்காரி. பெரும்பகுதியை நேரில் பார்த்தேன், சிலவற்றில் கைகொடுத்தேன். டீச்சரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன்.

தோட்டம்

இந்த வீட்டில் தோட்டம் தொடங்கியது நாட்டின் பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 இல். அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையால் விளைச்சல் விழுந்து மரக்கறி விலையும் ஏறிக் கிடந்தது. வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க ஜூனில் அமைச்சரவை முடிவெடுத்தது. ஊரெல்லாம் விதை பற்றியே பேச்சு. டீச்சர் வீட்டிலும் கத்தரி, வெண்டி, பயிற்றை, வல்லாரை என்று பாத்திகள் எழுந்தன. நெருக்கடி தணிந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

சுக்கினி அங்கு வந்தது தற்செயலாக. கொழும்பிலிருந்து வந்த மருமகள் ஒரு விதைப் பைக்கற்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். இலங்கையில் இது பெரும்பாலும் மலைநாட்டு மரக்கறி. ஆனால் கிழக்கில் மாரி முடியும் தறுவாயில், வெயில் முழு வேகம் எடுப்பதற்கு முன், சில வாரங்கள் இதற்கு இசைவான காலநிலை கிடைக்கிறது. கார்த்திகைக் கடைசியில், அடைமழைக்குப் பயந்து, தாழ்வாரத்தின் கீழே பொலித்தீன் பைகளில் விதை போட்டார்கள். மார்கழி முடிவில் மணலும் மாட்டெருவும் கலந்த பாத்திக்கு மாற்றினார்கள். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் வீதிக்கு வருவது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் பாத்தியைச் சுற்றி மீன்வலை கட்டினார் டீச்சரின் கணவர்.

முளைத்த ஆறையும் நட்டதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம். நன்றாக வளர்ந்த ஒரு கன்றைப் பிடுங்கி எறிய டீச்சருக்கு மனம் வரவில்லை. சுக்கினி படராது. ஒரே இடத்தில், சுமார் ஒரு மீற்றர் அகலத்துக்குப் புதராக நிற்கும். பார்ப்பவருக்குச் சின்னச் செடியாகவே தெரியும். அதுதான் ஏமாற்றம்.

காய் குவிந்த விதம்

முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. அது வழமை. பிறகு அடியில் பிஞ்சோடு பெண் பூக்கள் வந்தன. விடியப் பூத்து, வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும் பூ இது. மழைக்கால் விழுந்த காலைகளில் தேனீ வராததால், பேரன் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, மகரந்தத்தைப் பெண் பூவில் தடவிவிட்டான். அவனுக்கு அது பெரிய விளையாட்டு. அவன் தொட்ட பூவெல்லாம் காய்த்தது.

பூ வாடிய நாலாம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் சுக்கினி பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். ஒரு சாண் நீளம், அதாவது 15 முதல் 20 சென்ரிமீற்றர், சரியான அளவு. அதைத் தாண்டினால் ஒவ்வொரு இரவிலும் பெருக்கும். இலை மறைவில் விட்டுப்போன காய் ஒரு கிழமைக்குள் ஒரு கிலோவைத் தாண்டி, தோல் தடித்து, விதை முற்றி, நடு பஞ்சுபோலச் சோறியாகிவிடும். உச்சக் காலத்தில் ஆறு செடியிலுமாக நாளுக்கு மூன்று காய் அளவில் வந்தது. காய் கால் கிலோ என்று வைத்தாலும் கிழமைக்கு ஐந்து கிலோவுக்கு மேல். கத்தரியும் வெண்டியும் அதே நேரத்தில் காய்த்துக்கொண்டிருந்த, நாலு பேர் மட்டும் உள்ள வீடு அது.

முதல் கிழமைக் காய்கள் அயலுக்குப் போயின. எங்கள் ஒழுங்கையில் கீரை கொடுத்தால் முருங்கைக்காய் வரும், மாங்காய் கொடுத்தால் தேங்காய் வரும். சுக்கினிக்கு அப்படி நடக்கவில்லை. "இது என்ன டீச்சர், வெள்ளரிக்காயோ?" என்று கேட்டு வாங்கியவர்கள் அதைப் பச்சையாக வெட்டி மிளகு தூவிப் பார்த்தார்கள். வெள்ளரியின் குளிர்ச்சி இதில் இல்லை. இரண்டாம் முறை கொடுக்கப் போனபோது, "இன்னும் முந்தினதே கிடக்குது" என்ற பதில் வந்தது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் இதைச் சமைக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே ஆட்கள் நிறைவது சித்திரைக்குப் பிறகுதான். மாசியில் அவர்களுக்கும் தேவை குறைவு.

மிச்சம் பிரிட்ஜுக்குப் போனது. கழுவி, ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டி, கீழ்த்தட்டில் அடுக்கினார்கள். ஐந்தாறு நாளில் தோலில் சிறு சிறு பள்ளங்கள் விழுந்தன. பிறகு வழவழப்பு, பிறகு நாற்றம். சுக்கினிக்கு 5 முதல் 10 பாகை செல்சியஸ்தான் ஏற்றது. அதற்குக் கீழே போனால் குளிரே காயைச் சுடும். கழுவாமல், துணியால் துடைத்து, கடதாசியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருந்தால் ஒரு கிழமை, சிலவேளை அதற்கு மேலும் நின்றிருக்கும்.

போத்தலில் அடைத்த காய்

நான் இதை எழுத முக்கிய காரணம் இந்தப் பகுதிதான்.

காய் வீணாவதைப் பொறுக்காத மகள், கைத்தொலைபேசியில் ஒரு காணொளி பார்த்து, சுக்கினியைத் துண்டுகளாக வெட்டி உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சூட்டோடு சூட்டாக ஜாம் போத்தல்களில் நிரப்பி, மூடியை இறுக்கி, போத்தல்களை மறுபடி பெரிய சட்டியில் அவித்து எடுத்தாள். பூண்டும் எண்ணெயும் ஊற்றிய இரண்டு போத்தல்களும் இருந்தன. அலுமாரியில் வரிசையாக வைத்தாள். பார்க்க அவ்வளவு வடிவு. இரண்டாம் கிழமை ஒரு போத்தலின் மூடி நடுவில் மேலெழும்பியிருந்தது. "அக்கா, மூடியைத் திறந்து மணந்து பார்க்கட்டோ?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மண்ணில் எங்கும் இருக்கிற ஒரு பக்டீரியா, குளொஸ்ரிடியம் பொட்டுலினம். அதன் வித்து 100 பாகையில் கொதித்தாலும் சாகாது. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். இறுக மூடிய போத்தலுக்குள் உப்புத் தண்ணீரில் கிடக்கும் சுக்கினி அதற்கு ஏற்ற வீடு. எண்ணெய்க்கு அடியில் கிடப்பதும் அப்படியே. எண்ணெய் காற்றைத்தான் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. புளிப்பை அளக்கும் பீஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். உணவின் பீஎச் 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்தக் கிருமி வளராது. சுக்கினி அதற்கு எவ்வளவோ மேலே நிற்கிறது. அமிலம் சேர்க்காமல் அடைப்பதென்றால் அழுத்தத்தில் 121 பாகை அளவுக்குச் சூடாக்க வேண்டும். சுக்கினிக்கு அதுவும் நம்பத்தக்கதல்ல. வெந்ததும் துண்டுகள் குழைந்து ஒன்றோடொன்று அப்பிக்கொள்வதால் நடுவரை சூடு போய்ச் சேர எத்தனை நிமிடம் என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. போத்தலில் அடைப்பதையே வழக்கமாகக் கொண்ட அமெரிக்காவில், அந்நாட்டு விவசாயத் திணைக்களம் தனிச் சுக்கினியை அடைப்பதற்கு முன்பு கொடுத்திருந்த வழிமுறையை இதனால்தான் திரும்பப் பெற்றது.

மூடி எழும்பிய போத்தலை மட்டும் எறிந்துவிட்டு மற்றவற்றை வைத்துக்கொள்ளலாமா என்பது டீச்சரின் கேள்வி. இல்லை. இந்த நஞ்சு உள்ள உணவு நிறமும் மணமும் மாறாமலே இருக்கலாம். நக்கிப் பார்க்கும் அளவே போதும் ஆளைக் கிடத்த. எல்லாவற்றையும் திறக்காமலே, இரட்டைப் பையில் கட்டி, நாயும் காகமும் கிளறாதபடி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பாடுபட்டிருந்தாள்.

அன்று மாலை டீச்சர் வீட்டுக் குந்தில் இருந்து பேசியபோது எல்லாத் தோல்விக்கும் ஒரே காரணம் தெரிந்தது. சுக்கினியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். பிரிட்ஜில் அழுகியதும் தண்ணீரால், போத்தலில் கெட்டதும் தண்ணீரால், அயலவர் கறியில் சுவையில்லாமல் போனதும் தண்ணீரால். ஆகவே எந்த வழியில் போனாலும் முதல் வேலை தண்ணீரை எடுப்பது. எடுக்க முடியாத இடத்தில் அதை வினாகிரியால் புளிப்பாக்குவது, அல்லது சீனியால் கட்டுவது. அதற்குப் பிறகு நடந்தவை இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்தவை.

அன்றாடச் சட்டியில்

முதலில் பறிக்கிற நேரம் மாறியது. பேரன் பள்ளிக்கூடம் போவதற்கு முன் இலையைத் தூக்கிப் பார்த்து ஒரு சாண் காயை வெட்டிவிட வேண்டும் என்பது அவனுடைய பொறுப்பானது. அதனால் எண்ணிக்கை குறையவில்லை. பறிக்கப் பறிக்கச் செடி மேலும் காய்க்கும், முற்ற விட்டால்தான் அது ஓயும். ஆனால் எடை பாதியானது. சின்னக் காயில் விதையும் சோறியும் இல்லை, வெட்டி எறிய ஒன்றுமில்லை. காய் மிதமிஞ்சி வந்த கிழமையில் ஆண் பூக்களில் சிலவற்றையும், பிஞ்சோடு பெண் பூக்களையும் பறித்துக் கடலைமாவில் தோய்த்துப் பொரித்தார்கள். பூவைத் தின்றால் காயைச் சுமக்கத் தேவையில்லை என்றார் டீச்சர். பூசணிப் பூவைச் சமைத்துப் பழகிய கை அவருடையது.

சீவிய சுக்கினி ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி இருபது நிமிடம் விட்டால், கையால் பிழியும்போது தண்ணீர் கொட்டும். பிழிந்த பிறகு கையில் நிற்பது கரட் சீவல்போலக் காய்ந்த பசுமை. இதில் வறை செய்தால் தேங்காய்ப்பூவும் கடுகும் ஒட்டி உதிராக வருகிறது. பிழியாமல் செய்த வறை கஞ்சியாகக் கிடந்ததை அதே வீட்டில் பார்த்திருந்தோம். பிழிந்த தண்ணீரை ஊற்றவில்லை. ரொட்டிக்கு மாக் குழைக்க அதுவே போதும், உப்பு தனியாகப் போடத் தேவையில்லை. கோதுமை மா, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு பிடி சுக்கினி. இந்த ரொட்டியைத்தான் பேரன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கறிக்கு வந்தால் இறாலோடு சேர்ந்ததுபோல் வேறெதிலும் இது சேரவில்லை. பீர்க்கங்காய் இறால் கறி இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு. அதே கைப்பக்குவம்தான். இறால் முக்கால் வெந்த பிறகு தடித்த துண்டுகளைப் போட்டு, மூடாமல் வற்றவிட வேண்டும். மூடினால் தண்ணீர் விட்டுக் குழம்பு நீர்த்துவிடும். கருவாட்டுக் குழம்பிலும் பருப்பிலும் போட்டார்கள், பரவாயில்லை என்ற அளவுதான். பிழிந்த சீவலைத் தாச்சியில் ஒரு பிரட்டுப் பிரட்டி ஆறவிட்டு, கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரில் கலந்த பச்சடி நன்றாக வந்தது. டீச்சரின் கணவருக்குச் சீனி வருத்தம். சோற்றைக் குறைத்து இந்தப் பச்சடியைக் கூட்டினார்.

வற்றல்

மாசியில் மழை விலகி வெயில் பிடித்ததும் மொட்டை மாடிக்கு வேலை மாறியது. மோர்மிளகாயும் பாவற்காய் வற்றலும் போடத் தெரிந்த வீட்டில் சுக்கினி வற்றல் புதுக்கலை அல்ல. ஆனால் பாவற்காய்க்குச் சரியான முறையை அப்படியே எடுத்தால் சுக்கினி கெடும். பாவற்காயை மஞ்சளும் உப்பும் போட்ட கொதிநீரில் ஒரு கொதி விட்டு எடுப்போம். சுக்கினி அந்தக் கொதியில் துவண்டு பாயில் பசைபோல ஒட்டிக்கொண்டது. ஆகவே அவிப்பதை விட்டோம்.

கைக்கு வந்த முறை இது. ஒரு சாண் காயை அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்ட வேண்டும். அதைவிட மெல்லியதாக வெட்டினால் காய்ந்தபின் கடதாசிபோலாகி, எண்ணெயில் போட்ட கணமே கருகும். தடித்தால் வெளியே காய்ந்து நடுவில் ஈரம் நிற்கும், அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வட்டங்களில் உப்புத்தூளும் மஞ்சளும் பிசறி வடிதட்டில் ஒரு மணித்தியாலம் விட வேண்டும். கீழே ஒரு கிண்ணம் வைத்தால் தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். பிறகு பழைய வேட்டித் துண்டில் ஒற்றி, ஓலைப்பாயில் ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, மேலே ஜன்னல் வலைத்துணியைக் கட்ட வேண்டும். வலை துண்டுகளில் படக்கூடாது. நான்கு மூலையிலும் செங்கல் வைத்து உயர்த்தினோம். உச்சிவெயிலில் ஒரு தடவை புரட்டல். மாலை நாலரைக்கெல்லாம் பாயோடு உள்ளே எடுத்துவிட வேண்டும். மாசிப் பனி ஒரே இரவில் பகலெல்லாம் போன ஈரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இரண்டாம் நாள் மாலை, வட்டங்கள் ஓரம் சுருண்டு அரைக் காய்ச்சலில் இருக்கும்போது, கெட்டித் தயிரில் உப்பும் இடித்த செத்தல் மிளகாயும் கலந்து அதில் புரட்டி எடுத்தோம். முதல்நாளே தயிரில் போட்டால் எடுக்கிற தண்ணீரை நாமே திரும்ப ஊட்டுவதாகிவிடும். அரைக் காய்ச்சலில் போட்டால் தயிரின் புளிப்பு உள்ளே இறங்குகிறது, தண்ணீர் மேலே நின்று மறுநாள் வெயிலில் போய்விடுகிறது. அதன்பின் இன்னும் இரண்டு மூன்று நல்ல வெயில்.

இடையில் இரண்டு நாள் மூடிக்கட்டி, வாடைக்காற்றோடு தூறியது. பாயில் இருந்தவற்றை உள்ளே விசிறியின் கீழ் வைத்தும் சிலவற்றில் சாம்பல் புள்ளி கண்டது. அவற்றை எறிந்தோம். பூஞ்சணத்தைத் துடைத்துவிட்டு மறுபடி காயவைப்பது எங்கள் ஊரில் நடக்கிற காரியம்தான், ஆனால் செய்யக்கூடாதது. மேலே தெரிவதைவிட உள்ளே அது வேரோடியிருக்கும்.

காய்ந்ததா என்பதைக் காதால் அறியலாம். ஒரு பிடியை எவர்சில்வர் தட்டில் போட்டால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வளைத்தால் ஒடிய வேண்டும். அப்போதும் உடனே தகரத்தில் அடைக்கவில்லை. கண்ணாடிப் போத்தலில் முக்கால்வாசி நிரப்பி, ஒரு கிழமை தினமும் குலுக்கிப் பார்த்தோம். ஒரு போத்தலின் உட்சுவரில் முத்து முத்தாக ஈரம் கட்டியது. அதைக் கொட்டி மறுபடி வெயிலில் போட்டு எடுத்தோம். கடற்கரைக் காற்று எந்நேரமும் ஈரம் சுமந்தது. திறந்து திறந்து எடுக்கும் பெரிய தகரத்தில் வற்றல் நமத்துவிடும். சின்னச் சின்னப் போத்தல்களில் பிரித்து வைப்பதே இங்கே பொருந்தும்.

கணக்குப் பார்த்தால் வற்றலின் அருமை தெரியும். ஒரு கிலோ சுக்கினியில் தண்ணீரல்லாத பொருள் 50 கிராம்தான். பத்து வீத ஈரம் நிற்கும்படி காயவைத்தால் மிஞ்சுவது 55 கிராம் அளவு. உப்பும் தயிரும் சேர்ந்து கொஞ்சம் கூடும். பத்துக் கிலோக் காய் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் வற்றலாகி இரண்டு மூன்று போத்தலுக்குள் அடங்கிவிட்டது. மின்சாரமும் வேண்டாம், காஸும் வேண்டாம். பொரித்து வெள்ளைச் சோற்றோடு தொட்டுக்கொள்ளலாம். சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து புளிக்குழம்பில் போட்டால் உப்பும் குறையும். பிறஷர் உள்ளவர்கள் இப்படியே சாப்பிடட்டும். பொரித்த வற்றல் அவர்களுக்கு ஆகாது.

அச்சாறு, ஜாம், உறைபெட்டி

அச்சாற்றுக்கு அளவுதான் உயிர். போத்தல் லேபிளில் 5 வீத அமிலம் என்று உள்ள வினாகிரியை எடுத்தோம். தண்ணீர் கலந்தால் வினாகிரிக்குச் சமமாக, அதற்கு மேல் ஒரு கரண்டியும் கூடாது. வீட்டில் பிடித்த தேங்காய் வினாகிரி மணத்தில் சிறந்தது. ஆனால் அதன் புளிப்பு ஒவ்வொரு தடவையும் மாறும் என்பதால் நாட்பட வைக்கிற அச்சாற்றுக்கு அதை நம்பவில்லை. சுக்கினியை விரல் நீளத்துக்கு வெட்டி, உப்பில் வைத்துப் பிழிந்து, நிலாவெளிச் சின்ன வெங்காயமும் கீறிய பச்சைமிளகாயும் சேர்த்து, அரைத்த கடுகு, மஞ்சள், சீனி போட்டுக் கொதித்த வினாகிரியை மேலே ஊற்றினோம். துண்டுகள் முழுதும் மூழ்க வேண்டும். அலுமினியச் சட்டி கூடாது. செய்ததெல்லாம் பிரிட்ஜில்தான் இருந்தது. வெளியே வைக்க வேண்டிய தேவை இல்லாதபோது ஏன் அந்த ஆபத்தை எடுக்க வேண்டும்? தேசிக்காய்ப் புளி விட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். உடனே சாப்பிடுவதற்குப் போதும். மாதக்கணக்கில் வைக்க, அளவு தெரிந்த வினாகிரிதான்.

இலை மறைவில் தப்பி முற்றிய பெரிய காய்கள் இரண்டை ஜாம் ஆக்கினார்கள். தோலும் விதையும் நீக்கி, துருவிப் பிழிந்து, நிறைக்கு நிறை சீனி, நசுக்கிய இஞ்சி, தேசிக்காய்ச் சாறு. நீத்துப்பூசணியில் இனிப்புச் செய்து பழகிய வீட்டுக்கு இது சுலபம். சுவையெல்லாம் இஞ்சியுடையதே, காய் வெறும் தாங்கிதான். பாணுக்குப் பூச நன்றாக இருந்தது, சீனி வருத்தக்காரர் பக்கமே போகவில்லை.

உறைபெட்டியில் வைத்தது கொஞ்சம். துண்டுகளாக வைத்தால் உருகும்போது பஞ்சாகிவிடுகிறது. சீவி, ஒன்றிரண்டு நிமிடம் ஆவியில் காட்டி, ஆறவிட்டுப் பிழிந்து, ஒரு ரொட்டிப் பிசைவுக்குரிய அளவாகப் பையில் தட்டையாக்கி வைத்தவை மட்டும் பயன்பட்டன. 2022 ஐப் பார்த்த எவரும் உறைபெட்டியை நம்பி முழுப் பருவத்தையும் அதற்குள் வைக்க மாட்டார்கள்.

கசந்த காய்

மாசி நடுவில் ஒரு செடியின் காய் கசந்தது. வறையை வாயில் வைத்ததும் டீச்சர் துப்பிவிட்டார். "பாவற்காயும் கசக்கும்தானே, இன்னும் கொஞ்சம் அவிச்சால் போயிடும்" என்றார் கணவர். பாவற்காயின் கசப்பு வேறு, இது வேறு. சுக்கினி, சுரை, வெள்ளரி, பூசணிக் குடும்பத்தில் குக்கர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள் உண்டு. பயிரிடும் இனங்களில் அது மிகமிகக் குறைவாக இருக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். அழகுக்கு வளர்க்கும் கசப்புக் காய்களோடு மகரந்தம் கலந்த விதையிலிருந்து வந்தால், அல்லது செடி வெயிலிலும் வறட்சியிலும் வாடினால், அது மறுபடி ஏறலாம். அவித்தாலும் பொரித்தாலும் போகாது. 2015 இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். 2010 இல் டில்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த விஞ்ஞானி ஒருவர் இறந்தார்.

அந்தச் செடியை அன்றே பிடுங்கினார்கள். அதிலிருந்து வெட்டிப் பாயில் காய்ந்துகொண்டிருந்த வட்டங்கள் எவை என்று பிரிக்க முடியாததால் அந்தப் பாய் முழுவதும் குப்பைக்குப் போனது. அது பெரிய இழப்பு, ஆனாலும் செய்தது சரி. அதன்பிறகு ஒவ்வொரு காயிலும் காம்புப் பக்கத்தில் ஒரு சீவல் எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, கசப்பில்லை என்றால் மட்டும் வெட்டுவது வழக்கமானது. வற்றலுக்கும் அச்சாற்றுக்கும் இது மிக முக்கியம். தயிரும் வினாகிரியும் மிளகாயும் சேர்ந்தபின் கசப்பு மறைந்துவிடும், நஞ்சு மறையாது.

பருவம் முடிந்தபோது

பங்குனி தொடங்க இலைகளில் சாம்பல் நோய் வெள்ளையாகப் படர்ந்தது. பழ ஈயும் வந்துவிட்டது. பிஞ்சில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை, வெட்டினால் உள்ளே புழு. மிச்சச் செடிகளையும் பிடுங்கி, புழுக் காய்களைக் கறுப்புப் பொலித்தீனில் கட்டி வெயிலில் போட்டுக் கொன்றார்கள். அவற்றை அப்படியே எருக்குழியில் போட்டிருந்தால் அடுத்து வரும் பாகலுக்கும் புடோலுக்கும் அந்த ஈயே வந்திருக்கும்.

வற்றல் வைகாசிவரை வந்தது. கச்சான் காற்று தொடங்கி மரக்கறி குறைந்த நாட்களில்தான் அது அதிகம் செலவானது. அச்சாறு அதற்கு முன்பே முடிந்துவிட்டது, அயலவர்களே போத்தலோடு வந்து கேட்டார்கள். காயாகக் கொடுத்தபோது வேண்டாம் என்றவர்களும் அதில் இருந்தார்கள். ஜாம் ஒரு போத்தல் இன்னும் கிடக்கிறது.

விதை எடுக்கவில்லை. பைக்கற்றில் இருந்தது கலப்பின விதை, அடுத்த தலைமுறையில் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. கசந்த செடியின் மகரந்தமும் எங்கெல்லாம் போயிற்றோ. வரும் கார்த்திகைக்குப் புதுப் பைக்கற் வாங்கி இரண்டு செடி மட்டும் வைப்பது என்று டீச்சர் முடிவெடுத்திருக்கிறார். இரண்டாவதை முதலாவது பூத்தபிறகுதான் விதைப்பார். அப்போது அதன் காய் பங்குனி வெயிலுக்கு வந்து சேரும். வற்றலுக்கு அந்த வெயில்தான் வேண்டும், சாம்பல் நோய் அதுவரை விட்டுவைத்தால். மிச்சப் பாத்தியில் சின்ன வெங்காயம்.